போலீஸ் சட்டைக்குப் பை தைப்பவள்

சாயங்கால மணி அடித்ததும், யாரும் கேட்காமலே செருப்பைக் கழற்றி உதறிக் காட்டுவாள். கொண்டையை அவிழ்த்து ஒரு குலுக்குக் குலுக்குவாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து கவிழ்ப்பாள். கடைசியில், டாக்டரிடம் காட்டுவதுபோல வாயைப் பிளந்து 'ஆ' என்பாள். இவ்வளவையும் செய்துகொண்டே ஒரு முழுத் தையல் மிஷினை, ஊசியில் தொடங்கிச் சக்கரம் வரைக்கும், அந்த ஒரே கேட் வழியாகக் கடத்திக்கொண்டுபோய் வீட்டில் நிறுத்திவிட்டவள் அவள். சரி, மிஷின் என்பது கொஞ்சம் அதிகம். சக்கரம் என்றாலும் அதிகம்தான். ஆனால் ஊசி உண்மை. நூல் சுற்றும் பாபின் உண்மை. பொத்தான்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அந்தச் சீருடைத் தையல் கூடத்தில் அவளுக்குப் பெயர் கைநீளம். பார்க்கப்போனால் அவள் கை குட்டை. கடையில் எந்தச் சட்டையை வாங்கினாலும் கைப்பகுதியை வெட்டிச் சுருக்கித்தான் போட்டுக்கொள்ள வேண்டும். மேல் தட்டில் இருக்கும் நூல்கண்டை எடுக்க ஸ்டூல் வேண்டும். ஆனால் பட்டப்பெயர் வைக்கிறவர்கள் டேப்பைப் பிடித்து அளந்தா வைக்கிறார்கள்?

ஆஸ்பத்திரிக் கோட்டு, பள்ளிக்கூடச் சட்டை, காவலாளி உடுப்பு என்று அந்தக் கூடத்தில் தைக்காத சீருடை கிடையாது. அதில் பெரிய வேலை போலீஸ் சட்டை. அந்தச் சட்டையின் மார்பில் உட்காரும் மூடி வைத்த பையைத் தைப்பது கைநீளத்தின் பங்கு. அவள் தைத்த பை கோணாது, இழுக்காது, பிறக்கும்போதே சட்டையோடு பிறந்ததுபோல உட்கார்ந்திருக்கும். "இந்த ஊர் போலீஸ்காரங்க எல்லாம் நெஞ்சு மேல ஒரு திருடியைச் சுமந்துகிட்டுத்தான் திருடனைத் தேடுறாங்க" என்று இஸ்திரிக்காரர் சொல்வார். கூடமே சிரிக்கும். அவளும் சிரிப்பாள், மற்றவர்களைவிடக் கொஞ்சம் உரக்க.

பெயர் வந்த கதை சின்னது. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கட்டிங் மாஸ்டர் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கும் சின்னக் கத்தரி காணாமல் போய்விட்டது. கூடத்தைக் கூட்டியது யார்? புதுசு. மேஜைக்கடியில் குனிந்தது யார்? புதுசு. அவள் கைப்பையை வாங்கி, துணி வெட்டுகிற மேஜைமேல், எல்லோரும் பார்க்கக் கவிழ்த்தார்கள். ஒரு சீப்பு, பாதி பன், கைக்குழந்தையின் ஒற்றைக் காலுறை. அவ்வளவுதான் விழுந்தது. பிறகு ஒரு பேண்டு வாத்தியக்காரர் தன் புதுக் கோட்டைத் திருப்பி அனுப்பினார். டிரம் அடிக்கும்போதெல்லாம் முதுகில் ஏதோ குத்துகிறதாம். பிரித்துப் பார்த்தால், உள்துணிக்கும் வெளித்துணிக்கும் நடுவே மாஸ்டரின் கத்தரி, கயிறோடு சுகமாகப் படுத்திருந்தது. அவரே கழற்றி வைத்தது. அவர் கண்ணெதிரே வைத்துத் தைத்தது.

மாஸ்டர் அசட்டுச் சிரிப்புச் சிரித்துக் கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. கத்தரி கிடைத்ததை எல்லோரும் மறந்துவிட்டார்கள். பையைக் கவிழ்த்தது மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. 'அவ பையைக் கவிழ்த்தாங்களே' என்ற பேச்சு கொஞ்சநாளில் 'அவ பையில ஏதோ இருந்துச்சாமே' என்று திரிந்தது. அதற்கும் பிறகு விளக்கமே தேவைப்படவில்லை. பெயர் ஒன்றே போதுமானதாக இருந்தது.

அவள் நடந்து வந்தால் பெண்கள் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொள்வார்கள். பொத்தான் அலமாரிப் பக்கம் போனால் எங்கிருந்தோ ஓர் இருமல் கேட்கும். கேட்டில் மற்றவர்களுக்கு ஒரு சோதனை, அவளுக்கு இரண்டு. ஒருநாள் அந்த இரண்டாவது சோதனையும் முடிந்து தெருவில் இறங்கியபோது, சட்டைக் கைமடிப்பில் ஒரு பொத்தான் சிக்கியிருப்பதைக் கண்டாள். தைக்கும்போது தானாக விழுந்து மாட்டிக்கொண்டது. திரும்பிப் போய்க் கொடுத்தால், "பாத்தீங்களா, எடுத்திருக்கா" என்பார்கள். வைத்துக்கொண்டாலும் அதையேதான் சொல்வார்கள். நடுத்தெருவில் நின்று அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எடுத்தாலும் திருடி, எடுக்கலைன்னாலும் திருடி. அப்புறம் நான் மட்டும் எதுக்கு வெறுங்கையோட வீட்டுக்குப் போகணும்?"

அன்றிலிருந்து அவள் வெறுங்கையோடு போகவில்லை. ஒரு பொத்தான், ஒரு கொக்கி, ஒரு பாபின், நல்ல நாளாக இருந்தால் ஒரு ஸிப். வீட்டில் அலமாரிக்கு மேலே இருந்த பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவிடுவாள். அதில் ஒன்றையாவது விற்றதில்லை, யாருக்கும் கொடுத்ததில்லை, தான் உபயோகித்ததும் இல்லை. அவளுடைய சட்டையிலேயே ஒரு பொத்தான் அறுந்து, அந்த இடத்தில் வருஷக்கணக்காக ஊக்கு குத்தியிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா, டின் விஷயம் தெரிந்தவள், "அதுல ஒண்ணை எடுத்துத் தைச்சுக்கக் கூடாதா?" என்று கேட்டதற்கு அவளுக்கு வந்ததே கோபம்! "திருட்டுப் பொத்தானைப் போட்டுக்கிட்டு வெளிய போகச் சொல்றியா? நான் என்ன மானங்கெட்டவளா?"

இந்த விளையாட்டில் எதிராளி கேட்டம்மா. சோதனை போடும் பெண்மணி; பெரிய உடம்பு, சின்ன நாற்காலி, தலையில் ஒரு முடி கலைந்து யாரும் பார்த்ததில்லை. சட்டை மடிப்பைத் தடவியே உள்ளே ஊக்கு இருக்கிறதா, குண்டூசி இருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்டவளைத் தாண்டித்தான் கைநீளம் நாக்குக்கடியில் பொத்தானை வைத்துக்கொண்டு, "வர்றேன் அக்கா, முட்டிவலிக்கு எண்ணெய் தடவுங்க" என்று பிசிறில்லாமல் பேசிவிட்டுப் போவாள்.

"இன்னிக்கு என்னடி எடுத்தே?" என்பாள் கேட்டம்மா தினமும்.

"ஒரு லாரி அக்கா. பின்னால நிறுத்தியிருக்கேன், யாரும் இடிக்காம பாத்துக்குங்க."

"ஒரு நாள் மாட்டுவே."

"மாட்டினா உங்களுக்கு மரியாதை. மாட்டாத வரைக்கும் எனக்கு."

கூடத்துக்கு அவளால் பெரிய சௌகரியம். நூல்கண்டு குறைந்தால் தேட வேண்டியதில்லை, கைநீளம். அளவு டேப் தொலைந்தால் யோசிக்க வேண்டியதில்லை, கைநீளம். யார் எதைத் தவறவிட்டாலும் அதற்கு ஒரு வாசல் எப்போதும் திறந்திருந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று ஆளுக்கு ஓர் இடத்தில் சாமான்களை அவள் கண்ணில் படாமல் செருகியும் வைத்தார்கள். அவளே இதையெல்லாம் வேடிக்கையாகத்தான் பார்த்தாள். மகள் வேலைக்கு வரும்வரை.

ஒற்றைக் காலுறைக்காரி வளர்ந்து, படிப்பை முடித்து, வேறு வேலை கிடைக்கும்வரை என்று சொல்லிக்கொண்டு அதே கூடத்தில் சேர்ந்தாள். முதல் நாளே சூப்பர்வைசர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"கைநீளத்தோட பொண்ணா? அப்ப அந்தக் கடைசி மிஷின்ல உட்காரு. அலமாரிப் பக்கம் வராதே."

சாயங்காலம் கேட்டில் மற்றப் பெண்கள் போக, அவளை மட்டும் ஓரமாக நிற்கச் சொன்னார்கள். ஒரு வாரம் ஆவதற்குள் அவளுக்கும் பெயர் வைத்தாகிவிட்டது. சின்னக் கைநீளம்.

அந்த வாரக் கடைசியில், வீட்டில் மகள் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து பின்னலைப் பிரித்தாள். உள்ளேயிருந்து ஒரு பாபினை எடுத்து, பரிசு வாங்கி வந்தவளைப்போல அம்மாவின் முன்னால் வைத்தாள்.

"எங்கேருந்துடி இது?"

"உனக்குத் தெரியாதா என்ன?"

"எதுக்குடி எடுத்தே?"

"நான் எடுக்கிறதுக்கு முந்தியே எடுத்துட்டேன்னு சொல்லிட்டாங்க. மிச்ச வேலையை மட்டும்தான் நான் செஞ்சேன்."

"இதெல்லாம் உனக்கு யார் சொல்லிக் குடுத்தா? நான் சொல்லிக் குடுத்தேனா?"

"நீ எங்கே சொல்லிக் குடுத்தே? அவங்கதான் தினம் சொல்லிக் குடுக்கிறாங்க. பின்னலைப் பிரிச்சுக் காட்டுன்னு சொன்ன பிறகுதானே, பின்னல்ல ஒளிச்சு வெக்கலாம்னே எனக்குத் தெரிஞ்சுது!"

சொல்லிவிட்டு மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கைநீளம் எங்கோ பார்த்திருக்கிறாள். நடுத்தெருவில் நின்று அவள் சிரித்த சிரிப்பு அது. தனக்குப் பெயர் வைத்தபோது வராத அழுகை இப்போது வந்தது. இந்தப் பெயர் மகள்மேல் ஒட்டிக் காய்ந்துவிட்டால் பிறகு எந்தத் தண்ணீரும் கழுவாது என்று அவளைவிடத் தெரிந்தவர்கள் யார்?

மறுநாளிலிருந்து எடுப்பதை நிறுத்தினாள். அதனால் ஒரு பயனும் இல்லை. ஒருத்தி திருடாமல் இருப்பதை யார் பார்க்கிறார்கள்? வழக்கம்போல நூல்கண்டு குறைந்தது, வழக்கம்போலப் பெயர் அடிபட்டது. அப்புறம்தான் அவள் பிஸ்கட் டின்னை இறக்கினாள். வெளியே கொண்டுபோனதெல்லாம் ஒவ்வொன்றாக உள்ளே வரத் தொடங்கியது. காலையில் யாருக்கும் சோதனை கிடையாது என்றாலும், பழக்கதோஷம், நாக்குக்கடியிலும் கொண்டையிலும் ஒளித்தே கொண்டுவந்தாள்.

ஒரு காலை கேட்டம்மா வணக்கம் சொன்னதற்கு இவள் தலையை மட்டும் ஆட்டினாள். கேட்டம்மா எழுந்து வழியை மறித்தாள்.

"வாயில என்னடி?"

வேறு வழியில்லை. உள்ளங்கையில் துப்பினாள். கலர் கலராகப் பொத்தான்கள்.

கேட்டம்மா ஒரு பொத்தானை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "ஏண்டி, உலகத்துல எல்லாத் திருடியும் உள்ளேயிருந்து வெளிய கொண்டு போவா. நீ என்ன வெளியேயிருந்து உள்ளே கொண்டு வர்றே?"

"பொண்ணு வேலைக்கு வந்துட்டா அக்கா."

கேட்டம்மாவுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. ஆனால் தொழில் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே! "இவ்வளவும் என்னைத் தாண்டித்தான் போச்சா?"

"ஸிப்பெல்லாம் பார்த்தீங்கன்னா இன்னும் வருத்தப்படுவீங்க."

"ஸிப்பா! எதுலடி கொண்டு போனே?"

"அதை மட்டும் கேக்காதீங்க."

டின் காலியாயிற்று. அலமாரியில் சாமான் ஏறியது. அவள் எடுத்த காலத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருந்த கூடம், திருப்பி வைத்தபோது ஒரு கண்ணையும் திறக்கவில்லை. எடுத்தபோதும் கைநீளம், கொடுத்தபோதும் கைநீளம். மகள் கடைசி மிஷினில் உட்கார்ந்து, சின்னக் கைநீளம் என்று யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டிருந்தாள்.

இந்தச் சமயத்தில்தான் பித்தளைப் பொத்தான்கள் வந்தன. போலீஸ் அணிவகுப்புக்குப் புது உடுப்பு தைக்க வேண்டும். அதற்கென்று வார்த்த, முகம் பார்க்கலாம்போல மின்னும் பொத்தான்கள், ஒரு துணிப்பை நிறைய. சூப்பர்வைசர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவற்றைப் பிரித்து அலமாரியில் வைக்கிற நாளில் தாயும் மகளும் கூடத்தில் இருந்தால் என்ன கதி? யோசித்து யோசித்து, தாமே மெச்சிக்கொள்ளும்படி ஒரு வழி கண்டுபிடித்தார்.

"நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் இங்கே வர வேணாம். நேரா போலீஸ் மைதானத்துக்குப் போய் அளவெடுத்துட்டு வாங்க."

போனார்கள். வரிசையாகப் போலீஸ்காரர்கள். எல்லோருக்கும் இவள் உயரத்துக்குமேல் இன்னொரு பாதி உயரம். ஒரு மரப்பெட்டியைப் போட்டு அதன்மேல் ஏறி நின்றுகொண்டு, "ம், கையைத் தூக்குங்க. இன்னும் மேல. அசையக் கூடாது. திரும்புங்க" என்று அதட்டினாள். அவர்கள் கேட்டார்கள். போலீஸ்காரர்களை வரிசையில் நிறுத்திக் கையைத் தூக்கச் சொன்ன திருடி இந்த உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். மூச்சை இழுத்துத் தொப்பையை மறைத்தவர்களை, "சார், சட்டைக்கு அளவு குடுக்கிறீங்களா, போட்டோவுக்கு நிக்கிறீங்களா?" என்று கேட்டுக் காற்றை இறக்கினாள். மகள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். அந்த மைதானத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அக்கா என்றார்கள். மகளைத் தங்கச்சி என்றார்கள். பொழுது சாயும்வரை அளந்துவிட்டு இருவரும் நேரே வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் காலை கூடத்தில் மிஷின் சத்தத்தையும் மீறி ஒரு கூச்சல். பித்தளைப் பொத்தான் பையைக் காணவில்லை.

"எங்கே அந்தத் தாயும் மகளும்? இங்கே வாங்க ரெண்டு பேரும்!" சூப்பர்வைசர் வெட்டுமேஜைக்குப் பக்கத்தில் நின்றார். முகம் செக்கச்செவேல் என்றிருந்தது. "எனக்குத் தெரியும். நேத்தே எனக்குத் தோணுச்சு. ஏய் சின்னது, பையைக் கவிழ்."

மகள் தோளிலிருந்து பையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை. அந்தச் சிரிப்பு இருந்தது. இவ்வளவுதானே நான், பார்த்துக்கொள்ளுங்கள் என்கிற சிரிப்பு. பைக்குள் என்ன இருக்கிறது என்பது ஒரு பொருட்டே இல்லை என்று கைநீளத்துக்குத் தெரியும். அந்தப் பை அந்த மேஜைமேல் ஒருமுறை கவிழ்ந்துவிட்டால் போதும். உள்ளே காலுறை இருந்தாலும் சரி, காற்று இருந்தாலும் சரி, ஆயுசுக்கும் அது கவிழ்த்த பைதான். அவள் மகளின் பைமேல் தன் குட்டைக் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"கவிழ்க்கலாம் சார். நீங்க சொல்லி மாட்டேன்னு சொல்வோமா? ஆனா அதுக்கு முன்னாடி, நாங்க எடுத்ததை யார் பார்த்தாங்கன்னு தெரிஞ்சா நல்லாருக்கும்."

"நான் பார்த்தேன்," என்றார் இஸ்திரிக்காரர் உடனே. "நேத்து மத்தியானம் அலமாரிகிட்ட நின்னுட்டிருந்தே. நான் இருமினேன், நகர்ந்துட்டே."

"அப்படியா அண்ணே? நான் என்ன சட்டை போட்டிருந்தேன்?"

"பச்சை. ஊக்குக் குத்தின சட்டை."

"பொண்ணு கூட ஏதோ மூட்டை மாதிரி கட்டிட்டிருந்தா," என்றாள் துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷின்காரி. "எதுக்கு வம்புன்னு நான் பேசாம இருந்துட்டேன்."

"இவங்க என்ன சொல்றது? நானே பார்த்தேன்," என்றார் சூப்பர்வைசர். "நேத்து உன் மிஷினை விட்டு ரெண்டு மூணு தடவை எழுந்து போனே. கண்டுக்காத மாதிரி இருந்து கையும் களவுமா பிடிக்கலாம்னு விட்டேன்."

அவர்கள் பொய் சொல்லவில்லை. அதுதான் இதில் விசேஷம். அத்தனை வருஷமாகத் தினமும் அவளை அலமாரிப் பக்கத்தில் பார்த்துப் பார்த்து, அவள் இல்லாமலே அவளைப் பார்க்கப் பழகிவிட்டார்கள். பச்சைச் சட்டை, ஊக்கு எல்லாம் அவர்கள் கண்ணுக்குள்ளேயே தயாராக இருந்தது.

கைநீளம் எல்லோரையும் பேசவிட்டாள். இன்னும் யாராவது பார்த்தீர்களா என்று கேட்டு, கையைத் தூக்கினவர்களுக்கெல்லாம் தலையாட்டினாள். பிறகு மிகவும் பணிவாகக் கேட்டாள்.

"சார், நேத்து எங்க ரெண்டு பேரையும் நீங்க எங்கே அனுப்பினீங்க?"

முதலில் நின்றது ஓவர்லாக் மிஷின். அடுத்தது அதற்குப் பக்கத்து மிஷின். அப்படியே வரிசையாக ஒவ்வொன்றாக நின்று, கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் பாக்கி இருந்தது. சூப்பர்வைசரின் வாய் திறந்தது, மூடியது, மறுபடியும் திறந்தது.

"அங்கே… அங்கே போயிட்டு, சாயங்காலம் இங்கே வந்திருப்பீங்க!"

"வரலை," என்றது வாசலிலிருந்து ஒரு குரல். கேட்டம்மா. கேட்டை விட்டு உள்ளே அவள் காலெடுத்து வைத்ததை யாரும் பார்த்ததே இல்லை. "கேட்டைப் பூட்டினது நான். இவங்க ரெண்டு பேரும் நேத்து இந்தப் பக்கமே வரலை. வந்தா எனக்குத் தெரியாதா?" கொஞ்சம் நிறுத்தி, "உள்ளே வர்றது எனக்கு நல்லாத் தெரியும்" என்றாள்.

அப்போதுதான் வாசலில் வேன் வந்து நின்றது. போலீஸ் வேன். கதவு திறந்து, திடும் திடும் என்று போலீஸ்காரர்கள் குதித்தார்கள். பூட்ஸ் சத்தத்தில் மேஜைமேல் இருந்த குண்டூசி டப்பா குலுங்கியது. வரிசையாக உள்ளே வந்தார்கள், கைநீளத்தின் முன்னால் நின்றார்கள், தூசி பறக்க ஒரு சல்யூட் அடித்தார்கள். முன்னால் நின்றவர் தன் கழுத்திலிருந்து அளவு டேப்பைக் கழற்றினார். "நேத்து இதை என் கழுத்துலயே விட்டுட்டுப் போயிட்டீங்க அக்கா. நீங்க கிளம்பறப்ப இருட்டிடுச்சு, கவனிக்கலை." இஸ்திரிக்காரர் பெட்டியைச் சட்டைமேலேயே வைத்துவிட்டு நின்றதில், பள்ளிக்கூடச் சட்டை ஒன்று முதுகில் முக்கோணமாகத் தீய்ந்துபோனது.

இத்தனை களேபரத்துக்கும் தலை நிமிராமல் மூலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருவர் உண்டு: பொத்தானுக்குத் துளை தைக்கிற காஜாக்காரத் தாத்தா. காது மந்தம். தீய்ந்த வாடை மூக்கில் ஏறியபிறகுதான் நிமிர்ந்தார்.

"என்னப்பா தேடுறீங்க?"

"பித்தளைப் பொத்தான் தாத்தா!" என்று கத்தினார்கள்.

"அதுவா? நான்தானே எடுத்து வெச்சேன்." எழுந்துபோய், ஜன்னலோரம் கோட்டு மாட்டி நின்றிருந்த ஆளுயரப் பொம்மையின் இடுப்பைப் பிடித்துத் திருகினார். அதன் காலி வயிற்றுக்குள் கையை விட்டுத் துணிப்பையை வெளியே இழுத்தார். "இவ கண்ணுல படாம இருக்கட்டுமேன்னு நேத்து ஒளிச்சு வெச்சேன்."

"தாத்தா, இவ நேத்து வேலைக்கே வரலையே!"

"வரலையா? நான் பார்த்தேனே!"

கூடம் சிரித்த சிரிப்பில் கூரைத் தகரம் ஆடியது என்பார்கள். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய கூத்து. பொம்மையின் வயிற்றைப் பார்த்ததும் ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒன்று உறைத்தது. ஓவர்லாக்காரி மெதுவாக எழுந்து, கண்ணாடிக்குப் பின்னால் கையை விட்டு ஒரு கட்டு ஸிப்பை எடுத்தாள். இஸ்திரிக்காரர் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழிருந்து துருப்பிடித்த கத்தரியை எடுத்தார். நூல்கண்டுகள் கழிவுத்துணி மூட்டைக்குள்ளிருந்து உருண்டு வந்தன. டேப்புகள் மேஜைக் காலில் சுற்றியிருந்தன. ஸ்டூல் போட்டு ஏறிப் பரணைத் துழாவினால், இன்னொரு ஸ்டூல் இருந்தது. கைநீளத்தின் கண்ணில் படக் கூடாது என்று ஒளித்து, ஒளித்த இடத்தை மறந்து, அவளே எடுத்துவிட்டாள் என்று நம்பி வந்த சாமான்கள் வெட்டுமேஜைமேல் குன்றாக ஏறின. கடைசியில் சூப்பர்வைசர் தம் நாற்காலி மெத்தையின் தையலைப் பிரித்து, உள்ளேயிருந்து ஒரு டப்பா தங்கநிற ஊசியை எடுத்துக் குன்றின்மேல் வைத்தார். "இதை நான் எப்பவோ மறந்தே போயிட்டேன்" என்றார் யாரையும் பார்க்காமல்.

கைநீளம் மேஜைமேல் இருந்த மகளின் பையை, மூடியது மூடியபடியே எடுத்து, அவள் தோளில் மாட்டினாள். மகள் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. அந்த வயசுப் பெண்ணுக்கு இருக்க வேண்டிய முகம், கொஞ்சம் வெட்கமும் கொஞ்சம் அழுகையுமாக, திரும்ப வந்திருந்தது.

இப்போது கேட்டில் எல்லோருக்கும் ஒரே சோதனை. சூப்பர்வைசரும் ஷூவைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அவருடைய காலுறை ஓட்டையைப் பார்த்தபிறகு கேட்டம்மா அவரிடம் தனி அன்பு காட்டுகிறாள். கைநீளத்தின் பெயர் மட்டும் மாறவில்லை. இத்தனை வருஷம் கூடவே இருந்த பெயர், இனிமேல் போய் யாரைத் தேடும் என்று அவளும் வைத்துக்கொண்டாள்.

மகளின் பெயர்தான் மாறியது. யாரும் கூட்டம் போட்டு மாற்றவில்லை. அந்த அணிவகுப்பு உடுப்புக்கு அவள் தைத்த காலர் கழுத்தோடு ஒட்டி, சோறு வடித்த கஞ்சியில் தோய்த்ததுபோல நின்றது. ஒருநாள் காலை நெரிசலில், எந்த நினைப்பும் இல்லாமல், சூப்பர்வைசர் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து "ஏ காலர், இங்கே வாம்மா!" என்று கத்தினார். மகள் எழுந்து போனாள். மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். அன்று முழுக்கக் கைநீளம் ஊசியில் நூல் கோக்காமலே மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள் என்று பக்கத்து மிஷின்காரி சொல்கிறாள். அதுவரை அவள் வேலையில் அப்படி ஒரு தப்பு நடந்ததே கிடையாது.

மதியச் சாப்பாட்டு அறையில், புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு இந்தக் கதையை அவளே சொல்வாள். வேன் வருகிற இடத்தில் டப்பா மூடியை மேஜைமேல் தட்டி பூட்ஸ் சத்தம் எழுப்புவாள். போன வாரமும் அப்படித்தான்.

"நிஜமாவே சல்யூட் அடிச்சாங்களா அத்தை?" என்றாள் ஒரு புதுப்பெண், கையில் எடுத்த கவளத்தை வாயில் போடாமல்.

"பின்னே? அடிச்ச அடியில எனக்கு ரெண்டு நாள் தும்மல்."

"வேனெல்லாம் வரலை," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காலர், மென்றுகொண்டே. "ஒரே ஒரு போலீஸ்காரர். சைக்கிள்ல வந்தார். சல்யூட்டும் அடிக்கலை, ஒண்ணும் அடிக்கலை. டேப்பைக் குடுத்துட்டு, 'என் கை அளவு மட்டும் தப்பா இருக்குமோன்னு சந்தேகமா இருக்கு, இன்னொரு தடவை பாத்துடுங்க'ன்னார். டேப்பைச் சுத்தறதுக்கு இடைஞ்சலா இருக்குன்னு வாட்ச்சைக் கழட்டி, 'இதைக் கொஞ்சம் பிடிங்கக்கா'ன்னு அம்மா கையில வெச்சார். அவ்வளவு பேரும் பார்த்துட்டு நின்னாங்க." அம்மாவின் பக்கம் திரும்பினாள். "ஏம்மா, இவ்வளவு கதை சொல்றே, அதை மட்டும் யார்கிட்டயும் சொல்லவே மாட்டேங்கிறே?"

கைநீளம் டப்பா மூடியைக் கீழே வைத்தாள். இடது கையை மேஜைக்கு மேலே நீட்டி, உள்ளங்கையை விரித்து, அந்த வாட்ச் இன்னும் அதில் இருப்பதுபோல ஆடாமல் பிடித்துக்கொண்டாள்.